பார்க்கின்சன் நோய்: மாத்திரை மட்டும் போதுமா? வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? முழு விவரம்

கையில் லேசான நடுக்கம். சட்டைப் பொத்தான் போட முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியபடி இருக்கிறது. பேச்சு சன்னமாகி, எதிரில் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்கிறார். இதையெல்லாம் "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடும் வீடுகள் அதிகம். ஆனால் இவை பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளாகவும் இருக்கலாம். தமிழில் இதை நடுக்குவாதம் என்பார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் நோய் தெரிந்தபிறகு பெரும்பாலும் நடப்பது இதுதான்: திருச்சி வரை போய் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கி வருவார்கள். அதற்கப்புறம் "நீங்க உக்காருங்க அத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் இந்த நோயில் உட்கார்ந்தே இருப்பதுதான் ஆளை வேகமாக முடக்குகிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

உடல் அசைவுகளைச் சீராக வைத்திருக்க மூளைக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. அதைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால்தான் நடுக்கம், உடல் இறுக்கம், அசைவில் மந்தம், தள்ளாட்டம் எல்லாம் வருகின்றன. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11-தான் இன்று உலக பார்க்கின்சன் தினம்.

இதற்கான முக்கிய மருந்து லெவோடோபா. இதில் நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள். அது நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். இதைக் கேட்டதும் பூனைக்காலிப் பொடி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் மருந்தின் அளவு கூடி, கை கால் தானாக முறுக்குவது, குமட்டல், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் நடக்கலாம்.

பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா?

தரும். ஆனால் "நோய் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றுவரை இதற்கு முழுக் குணம் கிடையாது.

அமெரிக்காவில் 128 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு 2018-ல் வெளியானது. எல்லோரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள், இன்னும் மாத்திரை ஆரம்பிக்காதவர்கள். வாரம் 4 நாள் டிரெட்மில்லில் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தவர்களின் நோய் மதிப்பெண் 6 மாதத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு அது சுமார் 3 புள்ளி மோசமானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் புறக்கணிக்க முடியாத முடிவு.

சமநிலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். 195 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2012-ல் வந்தது. தை சி என்ற சீனப் பயிற்சியை வாரம் இருமுறை செய்தவர்கள், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் நடுக்கம் இல்லை. தவறி விழுந்து உடைகிற இடுப்பு எலும்புதான்.

எவ்வளவு நேரம், எப்போது?

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. நடை, தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நீட்சி எல்லாம் கலந்து இருக்க வேண்டும். நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் சரி. இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள். உடம்பு இறுகிக் கிடக்கும்போது கட்டாயப்படுத்தினால் விழத்தான் செய்வார்கள். பெரம்பலூர் வெயிலுக்குக் காலை நேரம்தான் தோது. சுபுஹு தொழுகை முடிந்து அப்படியே ஒரு நடை போகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது முதல் பயிற்சி. முடியாவிட்டால் ஊன்றியே எழட்டும். 5 முறையில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். அடுத்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. பிறகு கையைப் பெரிதாக வீசி, எட்டை அகலமாக வைத்து நடப்பது. இந்த நோய் எல்லா அசைவையும் சுருக்கிவிடும். நடை சின்னதாகும், கையெழுத்து சின்னதாகும், குரலும் சின்னதாகும். அதனால் எதைச் செய்தாலும் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். செய்தித்தாளைத் தினமும் 10 நிமிடம் சத்தமாகப் படிப்பதும் பயிற்சிதான்.

நிலைப்படியில், குறுகலான சந்தில், திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சிலர் அப்படியே நின்றுவிடுவார்கள். அப்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நிற்கட்டும், மூச்சு விடட்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று நீங்கள் தாளம்போல் எண்ணினால் கால் கிளம்பும். வழக்கமாக நிற்கும் இடத்தில் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னாலும் பலன் உண்டு. மூளைக்கு வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் தடைபட்ட அசைவு கிளம்பிவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம். நெதர்லாந்தில் சரியாக நடக்கவே முடியாத ஒருவர் சைக்கிளை மட்டும் சர்வசாதாரணமாக ஓட்டியதை மருத்துவர்கள் 2010-ல் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காகச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், இறங்கும்போதுதான் ஆபத்து. நகராத பயிற்சி சைக்கிள் என்றால் சரி.

தொழுகை, நோன்பு: கவனிக்க வேண்டியவை

சஜ்தாவிலிருந்து சட்டென எழும்போது தலைசுற்றலாம். இந்த நோயும் இதன் மருந்தும் ரத்த அழுத்தத்தைத் திடீரெனக் குறைக்கும். சுவர் ஓரமாக நின்று, நிதானமாக எழுவது நல்லது. தள்ளாட்டம் அதிகமென்றால் நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

ரமலானில் மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்பு வைக்க முடியுமா என்பதை ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவது நல்லது. கறி, மீன், பருப்பு, பாலில் உள்ள புரதம் அதன் வேலையைக் குறைக்கும்.

வீட்டுக்கே வரும் பிசியோதெரபி

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை சுகர், பிரஷர் மாத்திரைக்கான திட்டமாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயர் கொடுங்கள். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தனியாகப் பயிற்சி செய்கிறவர்கள் கொஞ்ச நாளில் விட்டுவிடுவதுதான் வழக்கம். அதனால்தான் மும்பையில் 2001 முதல் இயங்கும் பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறு சங்கம், நோயாளிகளைக் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது. புனேயில் இவர்களுக்கென்றே நடன வகுப்பு நடந்திருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்தாலும் சேர்ந்து செய்யலாம். துபாயில் இருக்கும் மகன் வீடியோ காலில் எண்ணிக்கொடுக்கட்டுமே, அத்தா இன்னும் நாலு முறை கூடுதலாக எழுந்து உட்காருவார்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பார்க்கின்சனும் உண்டு. அரசு மருத்துவமனையில் பாதிப்பின் சதவீதத்துக்குச் சான்று வாங்கி, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகையிலும் இந்த நோய்க்கு இடம் இருக்கிறது. யாருக்குக் கிடைக்கும், என்னென்ன ஆவணம் தேவை என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது ஆதார், குடும்ப அட்டை, மருத்துவரின் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போனால் இன்னொரு அலைச்சல் மிச்சம்.