உலை இறக்கிய பிறகு நடந்த பள்ளிக்கூடம்

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்ற கதையை மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அறிவொளி இயக்கம் வந்த 1991-ல் நான் சின்னப் பிள்ளை. அதனால் என் மாமியாரிடமும் தெருவில் உள்ள பெரியவங்களிடமும் கேட்டதைத்தான் நிறைய எழுதுகிறேன்.

மத்திய அரசு 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் நமக்கு அறிவொளி வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். 1992-ல் நம்ம மாவட்டத்தையும் அறிவித்துவிட்டார்கள்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? காட்டு வேலை, கல் உடைக்கிற வேலைன்னு போன பொம்பளைங்களுக்கு ஏது நேரம்? மாமியாரைக் கேட்டேன். "உலையை இறக்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டப்புறம்தான் போவோம். வர்றவங்க சொன்ன நேரந்தான் நேரம்" என்றார்.

பாடம் சொல்லித் தந்த பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது, தொண்டர்தான். யாருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் வகுப்பு வைத்தாளாம். திண்ணையில் அரிக்கேன் விளக்கு, மடியில் பிள்ளை. பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தவளுக்கு அவள் வீட்டிலேயே போய்ச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று புத்தகம், சுமார் 200 மணி நேரம் என்பது திட்டம். தினமும் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் 130 நாளுக்கு மேல் ஆகும். நடவு, களை, அறுப்பு எதுவும் குறுக்கே வராமல் 130 நாள் எந்த ஊரில் கிடைக்கும்? அதனால் நடவு சமயத்தில் வகுப்பை விட்டுவிட்டு, முடிந்ததும் மறுபடி கூடினார்கள். கடலை ஆயும்போது அந்தப் பெண்ணும் கூடவே உட்கார்ந்து ஆய்ந்துகொண்டு, மண்ணில் எழுத்தைப் போட்டுக் காட்டுவாளாம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

சைக்கிள் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவும் நேரத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். சைக்கிள் மிதிக்கத் தெரிந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனோ வீட்டுக்காரரோ கூட்டிப் போகட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். தண்ணிக் குடத்தையும் அதிலேயே கட்டிக் கொண்டுவந்துவிடலாம். மிச்சமான அந்த நேரத்தில் படிக்கலாம். அதே காலத்தில் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். எத்தனை லோடு போச்சு என்று தானே எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தது. தேவை வந்த நேரத்தில் கற்ற எழுத்து மறக்கவில்லை. மறந்தவர்களும் உண்டு. தொண்டர்கள் போன பிறகு படிக்க ஏதும் இல்லாமல் கையெழுத்து மட்டும் மிஞ்சியவர்கள் எங்க தெருவிலேயே நாலு பேர்.

பிறகு 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. குழுக் கூட்டம் ராத்திரிதான் நடந்தது. இப்போது கணக்கெழுதும் பயிற்சியைக் காலை பத்து மணிக்கு, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் வைக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள் ஒருநாள் கூலியை விட்டால்தான் அங்கே வரமுடியும். போன தடவை எங்க ஊரில் பேர் கொடுத்த ஆறு பேரில் நான் ஒருத்திதான் போனேன். உடனே, "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

அறுப்பு முடிந்து மாசி மாசம், சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், எங்க ஊர் சமுதாயக் கூடத்திலேயே பயிற்சி வைக்கும்படி கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.