இறப்பில் செருகிய இலை

விரத நாளென்றால் எங்கள் வீட்டில் முதல் நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். மச்சம் சமைக்கும் சட்டிகள் கொட்டிலுக்குப் போகும். சைவச் சட்டிகள் பரணிலிருந்து இறங்கும். விடியற்காலையில் அம்மா தோய்ந்துவிட்டு வந்து நிலத்தைச் சாணமிட்டு மெழுகுவார். வாழையிலையில் நெல் பரப்பி அதன்மேல் நிறைகுடம், மாவிலை, தேங்காய், இருமருங்கும் குத்துவிளக்கு. முன்னே மஞ்சளில் பிடித்து அறுகம்புல் குத்திய பிள்ளையார்.

பூசை முடிந்து உணவருந்தியதும் அம்மம்மா ஒரு காரியம் செய்வார். தாம் உண்ட இலையை எறியாமல், மடித்து, குசினியின் ஓலைக்கூரை இறப்பில் செருகிவிடுவார். அது முதியவரின் பழக்கம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். மற்றைய கோயில்களும் தப்பவில்லை. திருநெல்வேலி ஞானப்பிரகாசர் போன்றோர் கடல் கடந்து சிதம்பரம் சென்றனர். போக முடிந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்களுக்கு வீடே கோயிலாயிற்று. விரதமிருந்தவர்கள் அகப்படாதிருக்க, உண்ட இலையை இறப்பில் ஒளித்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

ஏன் இறப்பில்? வெளியே எறிந்தால் காகமோ நாயோ ஒழுங்கைக்கு இழுத்துவரும். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே நாளில் இலையில் உண்டிருந்தால், அது என்ன நாளென்று அயலில் உள்ள எவனும் கணக்கிட்டுவிடுவான். காட்டிக்கொடுப்பவன் எப்போதும் அயலவன்தானே! பழைய ஓலையோடு ஓலையாகக் காய்ந்துபோகும் இலையை எவரும் தேடார். மஞ்சட் பிள்ளையாரும் அப்படித்தான். அம்முறை போர்த்துக்கேயருக்கு முந்தியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு செம்பு தண்ணீரில் கரைந்து மறையும் தெய்வம் அக்காலத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும்! இதில் ஒரு வேடிக்கை, இலையை ஒளித்த குசினியின் பெயரே போர்த்துக்கேயச் சொல்.

1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. பிள்ளைகளின் வாரிசுரிமைக்கு அப்பதிவு வேண்டியிருந்தது. ஆகவே தோம்பில் ஒரு பெயர், வீட்டில் இன்னொரு பெயர் என்று வாழ்ந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அவர் கற்பிக்க முனைந்த சைவத்தை அதுவரை காத்துவைத்தவர்கள் இந்தக் குசினிப் பெண்களே. நமது வரலாற்று நூல்கள் இவர்களுக்கு ஒரு பந்தியும் ஒதுக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் நாங்களும் இருந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். கார்த்திகை விளக்கீடு வந்தது. மெழுகச் சாணமில்லை, அம்மா சீமெந்து நிலத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தேங்காய்க்கும் மாவிலைக்கும் தென்மராட்சியில் பஞ்சமில்லை. குத்துவிளக்குக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டை இரண்டில் திரி எரிந்தது.

சோறுண்ட பின் அம்மா இலையை மடித்துக் கையில் வைத்தபடி மேலே பார்த்தார். ஓட்டுக் கூரை கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. சற்று நின்றுவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த வாங்குகளுக்கிடையே இலையைச் செருகினார். ஊரில் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. ஏனென்று கேட்டேன்.

“அம்மா இப்பிடித்தான் வைக்கிறவ” என்றார்.

1996இல் ஊர் திரும்பியபோது குசினிக்குக் கூரை இருக்கவில்லை. பின்னர் கொங்கிறீற்றில் கட்டினோம். இப்போது விரத நாளில் உண்ட இலைகள் அயல்வீட்டு மாட்டுக்குப் போகின்றன.