சத்துருண்டையிலிருந்து சத்துமாவு வரை



மலருக்குக் கட்டுரை எழுதணும்னு தலைவி அக்கா சொன்னதும் சேமிப்பு, கடன், சுழல்நிதின்னு ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எனக்கு நல்லாத் தெரிஞ்ச வரலாறு ஒன்றுதான். அது எங்க அம்மா உருட்டின சத்துருண்டையில் ஆரம்பித்து, என் மகள் சாப்பிட்ட சத்துமாவு வரைக்கும் வருது. அம்மா சொன்னதையும், பயிற்சிகளில் நான் குறித்து வைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர். எனக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு 1979ல் ஒரு ஆண் பிள்ளை பிறந்தான். பிறக்கும்போது நல்லாத்தான் இருந்தானாம். ஆறு மாசத்துக்கு மேல மெலிய ஆரம்பிச்சான். "சவலை பாஞ்சிருச்சு"ன்னு சொல்லி மந்திரிச்சாங்க, கயிறு கட்டினாங்க. அம்மா களையெடுக்கப் போயிட்டு வந்து பால் கொடுப்பாங்க. இடையில அப்பத்தா வடிச்ச கஞ்சித் தண்ணியைப் புகட்டுவாங்க. பதினோராவது மாசம் பேதி கண்டு, நாலே நாளில் போயிட்டான். "பேதியில போயிட்டான்னுதான் இம்புட்டு நாளும் நினைச்சிருந்தேன். அஞ்சு மாசமா பட்டினியில கரைஞ்சு போயிருக்கான்னு பின்னாடிதான் தெரிஞ்சது"ன்னு அம்மா சொல்லும்போது இன்னைக்கும் குரல் உடையும்.

அப்போ நாட்டில் குழந்தைகளுக்குத் திட்டமே இல்லையான்னு கேட்டால், இருந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1975 அக்டோபர் 2ல் மத்திய அரசு ஐ.சி.டி.எஸ். என்கிற குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தது. ஆனால் அது முதலில் நாடு முழுக்க 33 இடங்களில் மட்டும்தான். 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது, கிராமத்தில் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடைத்தது. இதெல்லாம் பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனாலும் நடந்து போய்த் தட்டை நீட்டத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தச் சாப்பாடு. தொட்டிலில் கிடக்கிற ஆறு மாசப் பிள்ளை எங்கே போய்த் தட்டை நீட்டும்? எங்க அண்ணன் மாதிரிப் பிள்ளைகள் மெலிந்ததெல்லாம் அந்த வயசில்தான்.

அந்த வயசுக்கென்றே ஒரு திட்டம் 1980ல் எங்க கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதன்முதலில் ஆரம்பித்தது. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். பேர் நீளம் என்பதால் ஊரில் 'டின்ப் சென்டர்'னு சொல்லுவாங்க. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. எங்க அண்ணன் போன வருசமே அது வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு அம்மா நினைக்காத நாள் இல்லை.

அந்த சென்டர் எப்படி நடந்துச்சுன்னு இப்போ உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பெண் ஒருத்தரை ஊட்டச்சத்துப் பணியாளராக எடுத்தாங்க. படிப்பு மட்டும் பார்க்கவில்லை. ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிற பெண்ணாகத் தேடினாங்களாம். அப்படிப்பட்டவங்க சொன்னால்தான் மற்ற பெண்கள் கேட்பாங்க என்பது கணக்கு. ஆறு மாசம் முதல் மூணு வயசு வரைக்கும் உள்ள எல்லாப் பிள்ளையையும் மாசா மாசம் தொங்குதராசில் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாங்க. கோடு மேலே ஏறினால் பிள்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம். படுத்தாலோ இறங்கினாலோ உடனே அந்தப் பிள்ளைக்கு மட்டும் தினமும் சத்துருண்டை. குறைஞ்சது 90 நாள். அதுக்குள்ள 500 கிராம் ஏறிட்டால் உருண்டை நிறுத்தம். ஆனால் எடை போடுறது நிற்காது.

தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த அந்த உருண்டையைச் செய்ய ஊர்ப் பெண்களையே குழுவாகச் சேர்த்தாங்க. அதில் எங்க அம்மாவும் ஒருத்தர். 1989ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிக்கும் முன்னாடியே, எங்க ஊரில் பெண்கள் குழுவாக உட்கார்ந்து வேலை பார்த்தது பிள்ளைச் சோற்றுக்காகத்தான். வறுக்கிறது ஒருத்தர், இடிக்கிறது ஒருத்தர், உருட்டுறது ரெண்டு பேர். எல்லாத்தையும் விட முக்கியம், அந்த உருண்டையை வீட்டுக்குக் கொடுத்து விட மாட்டாங்க. தாயோ பாட்டியோ பிள்ளையை அங்கேயே தூக்கிட்டு வந்து, உதிர்த்துக் கரைத்து ஊட்டிட்டுத்தான் போகணும்.

1987ல் பிறந்த என்னையும் அந்தத் தராசில் தொங்க விட்டிருக்காங்க. என் அட்டையை அம்மா டிரங்குப் பெட்டியில் இன்னும் வச்சிருக்காங்க. எட்டாம் மாசம் என் கோடு படுத்திருக்கு. மூணு மாசம் உருண்டை சாப்பிட்டிருக்கேன். அதுக்குப் பிறகு கோடு ஏறியிருக்கு. அந்தத் திட்டத்தால் 6 மாசம் முதல் 2 வயசு வரை உள்ள பிள்ளைகளிடம் கடுமையான எடைக்குறைவு மூணில் ஒரு பங்குக்கும் மேல் குறைஞ்சதுன்னு பயிற்சியில் சொன்னாங்க. அதில் நானும் ஒரு புள்ளி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் கட்டம் 1997ல் முடிந்தது. பிறகு அந்த மையங்கள் ஐ.சி.டி.எஸ். அங்கன்வாடிகளாகி விட்டன.

இனிமேல் சொல்லப் போவது என் தப்பு. மறைக்காமல் எழுதுகிறேன்.

2013ல் எனக்கு மகள் பிறந்தாள். அப்போ அங்கன்வாடியில் சத்துமாவு பாக்கெட்டாகவே வீட்டுக்குக் கொடுத்தாங்க. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டின கேழ்வரகு, கடலை, வெல்லம், கூடவே வைட்டமினும் தாது உப்பும் கலந்த மாவு. நல்ல மாவுதான். நான் அதை வாங்கி அடுப்படி அலமாரியில் வைப்பேன். பெரியவன் வெறும் மாவை அள்ளித் தின்பான். அத்தை ரெண்டு கரண்டி எடுத்துக் கன்னுக்குட்டித் தண்ணியில் கலக்குவாங்க. நானும் ஒண்ணும் சொன்னதில்லை. சும்மா கிடைக்கிற மாவுதானே என்ற இளக்காரம்.

அதே நேரத்தில் கடையில் ஒருத்தர் பேச்சைக் கேட்டு டப்பா மாவு வாங்கினேன். குழுக்கடன் தவணைக்கு எடுத்து வச்ச காசு அது. விலை ஜாஸ்தி, ஒரு டப்பா ஒரு மாசம் வரணும். அதனால் மூணு கரண்டி போடச் சொன்ன இடத்தில் ஒண்ணு போட்டுத் தண்ணியை நிறைச்சேன். வெள்ளையா இருந்துச்சு, பிள்ளை குடிச்சாள், தூங்கினாள். வயிறு நிறைஞ்சது, உடம்பு நிறையலை.

பத்தாம் மாசம் டீச்சர் எடை போட்டப்போ 6 கிலோ 400 கிராம். அட்டையில் மஞ்சள். பிறந்த எடை அஞ்சு மாசத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயசில் மூணு மடங்கு ஆகணும்னு அன்னைக்குத்தான் கேட்டேன். என் மகள் பிறந்தது 2 கிலோ 700. கணக்குப் போட்டுப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு.

அம்மா மறுநாளே பஸ் ஏறி வந்துட்டாங்க. வந்ததும் தண்ணி கூட வாங்கலை. "மாவு எங்கடி?"ன்னாங்க. காட்டினேன். "புள்ளைக்கு எத்தனை கரண்டி போகுது?"ன்னாங்க. பதில் இல்லை. திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டலை. "நான் ஒருத்தனைக் கண்ணை முழிச்சுக்கிட்டே விட்டுட்டேன். நீ அட்டையைக் கையில வச்சிருக்க. அப்புறம் என்ன?" என்று மட்டும் சொன்னாங்க. அத்தை வாசலில் நின்று கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அன்னையிலிருந்து கன்னுக்குட்டிக்கு அந்த மாவு போகலை.

அம்மா பத்து நாள் கூட இருந்து சொல்லிக் கொடுத்ததை எல்லாத் தாய்மாருக்கும் எழுதி வைக்கிறேன்.

முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம். ஆறு மாசம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறு சேரணும். எட்டு மாசம் வரைக்கும் நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்பது மாசத்திலிருந்து மூன்று நான்கு தடவை, இடையில் ஏதாவது தின்பண்டம். தாய்ப்பால் இரண்டு வயசு வரைக்கும் தொடரலாம்.

குழந்தையின் இரைப்பை சின்னது. அதில் தண்ணியை நிறைச்சால் சோற்றுக்கு இடம் இருக்காது. அதனால் கூழ் கரண்டியைச் சாய்த்தாலும் சட்டென்று ஒழுகாத பதத்தில் இருக்கணும். கேழ்வரகை முளைகட்டி அரைக்கிறதுக்கும் காரணம் இதுதான். முளைகட்டினால் மாவில் ஒரு சத்து உண்டாகி, கெட்டிக் கூழைத் தானாக இளக்கும். தண்ணி ஊற்றாமலே பிள்ளை விழுங்கும். நம்ம பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டிப் பால் பிழிந்து ஊட்டினாங்களே, அது வெறும் பழக்கம் இல்லை.

கூழில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடணும். முட்டை, பருப்பு, கீரை மசியல், வாழைப்பழம் ஒன்றொன்றாகப் பழக்கணும். கையையும் கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவணும், இல்லையென்றால் கொடுத்ததெல்லாம் பேதியில் போயிடும். சிவப்பில் இருக்கிற பிள்ளைக்கு மாவு மட்டும் போதாது, அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்.

மூணு மாசத்தில் என் மகள் 7 கிலோ 500 வந்தாள். இப்போ கபடி விளையாடுறாள்.

சகோதரிகளே, பாக்கெட்டாகக் கொடுப்பது தப்புன்னு நான் சொல்லலை. வேலைக்குப் போகிற தாய் தினமும் பிள்ளையைத் தூக்கிட்டு சென்டருக்கு வர முடியாது, அவளுக்குப் பாக்கெட் உதவிதான். ஆனால் உருண்டைக் காலத்தில் மாவுக்குப் பின்னாடி தராசு இருந்தது, தராசுக்குப் பின்னாடி நாலு பெண்கள் இருந்தாங்க. இன்னைக்கும் டீச்சர் எடை போடுறாங்க. பதிவேடு எழுதி, சமையலைப் பார்த்து, பள்ளிக்கு முந்தின பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுக்கிற அவங்க ஒருத்தரால் வீடு வீடாக வந்து கிண்ணத்தைப் பார்க்க முடியாது. அந்த நாலு பெண்களின் இடம்தான் காலியாகி விட்டது.

அந்த இடம் நமக்கு உரியதுன்னு நான் மட்டும் சொல்லவில்லை. உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடி உணவைக் காண்ட்ராக்டர்களிடம் விடக் கூடாது, கிராம மக்கள், சுய உதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் மூலமாகச் செய்யப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம்ம மாநிலத்தில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் சத்துமாவு தயாரித்திருக்கின்றன. பக்கத்துக் கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் 2006லிருந்து 'அமிர்தம்' என்ற குழந்தை மாவைத் தங்கள் யூனிட்டுகளில் அரைத்து அங்கன்வாடிகளுக்குக் கொடுக்கிறாங்க. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்த மாவு. அவங்களும் நம்மளைப் போலச் சங்கத்துப் பெண்கள்தான்.

நாம் நாளைக்கே மாவு மில் போட முடியாது. ஆனால் ஒன்று முடியும். நம்ம குழுக் கூட்டத்தில் ஒவ்வொருத்தர் சேமிப்பையும் சத்தமாக வாசிக்கிறோம். ஐம்பது ரூபாய் குறைந்தால் ஏன்னு கேட்கிறோம். அதே மாதிரி, மூணு வயசுக்குள் பிள்ளை இருக்கிற உறுப்பினர் வீட்டில் இந்த மாசம் எத்தனை கிராம் ஏறியதுன்னு ஏன் கேட்கக் கூடாது? ஏறலைன்னா அவளைக் குத்திக் காட்ட இல்லை. அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்க்கிறாங்க, கூழ் என்ன பதம், மாவு யார் வயிற்றுக்குப் போகுதுன்னு பார்த்து, பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருத்தர் அந்த 90 நாளைக்குத் துணை நிற்கணும்.

போன மாசம் இதை நான் சொன்னப்போ, "வசூலுக்கே நேரம் பத்தலை"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். ஆனால் அன்னைக்கே அந்தக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி மடியில் ஒன்பது மாசப் பையன் ஒருத்தன் இருந்தான். இரண்டு மாசமாக அவன் எடை அப்படியே நிற்குது. நமக்குக் காத்திருக்க நேரம் இருக்கு, அவனுக்கு இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை பேர், பிறந்த தேதி, மாசா மாசம் எடை. முதல் வரியில் அந்தப் பையன் பேரை எழுதியாச்சு. வருகிற கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் பிள்ளையின் எடை அட்டையையும் பாஸ்புக்கோடு சேர்த்து எடுத்துட்டு வாங்க.