கார் எப்போது சூடாகிறது? காரணத்தை அதுவே சொல்லும்

கோல சிலாங்கூர் - ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு பழைய கார்தான் கைகால். வேலைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், தஞ்சோங் காராங் அல்லது சுங்கை பூலோ மருத்துவமனைக்கும் அதில்தான் போக வேண்டும். அந்தக் காரின் இயந்திரம் சூடேறினால் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுவது பலரின் வழக்கம். சில நாள் அது தாங்கும். பிறகு, சிறிய செலவில் முடிந்திருக்க வேண்டிய பழுது இயந்திரத்தையே பிரிக்கும் நிலைக்குப் போய்விடும்.

இயந்திரத்தின் சூட்டைக் கூலண்ட் நீர் உறிஞ்சுகிறது. வாட்டர் பம்ப் அதைச் சுழல விடுகிறது. தெர்மோஸ்டாட் என்ற சிறு அடைப்பு சூடேறியதும் திறந்து வழிவிடுகிறது. ரேடியேட்டரில் காற்றுபட்டு நீர் ஆறுகிறது. சுமார் 90 பாகை செல்சியஸ் என்பது வழக்கமான சூடு. இவற்றில் எது கெட்டாலும் முள் மேலே ஏறும். எது கெட்டது என்பதை அறிய, கார் எந்த நேரத்தில் சூடாகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும்.

நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் காற்றாடியைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான கார்களில் ஏர்கோனைத் திறந்ததும் காற்றாடி சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லலாம்.

லாத்தார் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் நீரோட்டமோ காற்றோட்டமோ போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே துருவால் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். செம்மண் சாலையில் ஓடும் கார்களில் சேறும் தூசியும் பூச்சிகளும் ரேடியேட்டர் இடுக்குகளை மூடிவிடுவதும் உண்டு. இயந்திரம் ஆறிய பின் மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவினாலே சிலவற்றுக்கு விடிவு கிடைக்கும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாய்களில் ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கக்கூடும்.

நீர் அடிக்கடி குறைந்தால் காரின் அடியில் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை நீடித்தாலோ, இயந்திர எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமானாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏர்கோனை அடைத்து, பாதுகாப்பாக ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள். புதிய கார்கள் சிலவற்றில் முள் கிடையாது. சிவப்பு விளக்குதான் எச்சரிக்கை. ஹீட்டரைத் திறக்கச் சொல்லும் வெளிநாட்டுக் காணொளிகள் இங்கு அதிகம் உதவா. நம் கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியே அது பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுத்து, மூடியைத் தொட்டால் சூடு தெரியாதபோது மட்டும், துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் இயந்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

அவசரத்துக்குக் குழாய் நீர் ஊற்றலாம். ஆனால் அதையே வழக்கமாக்கினால் உள்ளே துரு பிடிக்கும்; பட்டறைக்குப் போனதும் கூலண்ட் மாற்றிக்கொள்வது நல்லது.

பட்டறையில் "கார் சூடாகிறது" என்று மட்டும் சொல்லாமல், நிற்கும்போதா, ஓடும்போதா, புறப்பட்டதுமா, நீர் குறைகிறதா என்ற நான்கையும் சொல்லுங்கள். மூடி, பியூஸ், தெர்மோஸ்டாட் போன்ற மலிவான பொருள்களை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரை மாற்றுவதும் இயந்திரத்தைப் பிரிப்பதும் அதற்குப் பிறகுதான்.