வாயிலில் வேப்பிலை

வீட்டு வாயில் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், எழுத்தறியாதவரும் அதனைப் படித்துவிடுவர். "உள்ளே அம்மை கண்ட பிள்ளை இருக்கிறது, வராதீர்" என்பது அதன் பொருள். வந்த விருந்து வாசலோடு திரும்பும். கையேந்தி வருபவர் அடுத்த வீடு நோக்கி நடப்பர். உள்ளே தாளிதம் இல்லை. அழுக்குத் துணி வெளியே போகாது. பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும். பொருக்கு உதிர்ந்து, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரே அது மீண்டும் தெருவைக் காணும்.

நோயுற்ற பிள்ளையை ஊர் நடுவே எப்போது கொண்டு செல்லலாம், எப்போது கூடாது என்பதற்குத் தமிழ் மக்கள் எழுதாமலே எழுதி வைத்த சட்டம் இது. பழையது என்பதற்காகவே இதனைப் பழிக்க வேண்டியதில்லை. அம்மை கண்ட பிள்ளை பொருக்குக் காய்ந்து தீரும்வரை பிறருக்கு நோயைத் தரும் என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவும் ஆகும். பட்டறிவு கண்ட உண்மை அது; பாராட்டுவோம்.

ஆனால், காரணம் என்ன சொன்னார்கள்? "அம்மன் இறங்கியிருக்கிறாள், தீட்டுப் பட்டால் சினங்கொள்வாள்" என்றார்கள். விதி சரியாயிருக்கையில் காரணம் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. தோழர்களே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது! காரணம் அறிந்தவனுக்கே விதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெரியும். காரணம் பொய்யானால், அடைக்க வேண்டிய கதவு திறக்கும்; திறக்க வேண்டிய கதவு அடைபடும். வரலாறு அதனைத்தான் காட்டுகிறது.

1796 ஆம் ஆண்டு எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், மாட்டம்மைக் கொப்புளத்து நீரைக் கீறி ஏற்றினால் பெரியம்மை அண்டாது என்று கண்டார். 1802 ஜூன் மாதம் பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த அம்மைப்பால் குத்தப்பட்டது. அவள் கையிலிருந்து பிற குழந்தைகளின் கைக்கு, அங்கிருந்து வேறு கைகளுக்கு என ஏறி, அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. கும்பினியார் நடத்திய அப்பணியில் சுவாமி நாயக் என்ற இந்நாட்டு மருத்துவர் முன்னின்று உழைத்தார்.

பனிப்பெட்டி இல்லாத காலம் அது. கையில் கொப்புளம் எழுந்த பிள்ளையே மருந்துக் குப்பி. அத்தகைய பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துச் சென்று, அவர்கள் கையிலிருந்து அடுத்த பிள்ளைக்குக் குத்தினர். பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகளே அப்படிச் சுமந்தனர். நன்றி கூறியதா நாடு? "எந்தச் சாதிப் பிள்ளையின் கைநீர் இது?" என்று கேட்டது! உயிர் காக்க வந்த துளியிலும் சாதியைத் தேடினர் 'மேலோர்'.

இதனினும் வேடிக்கை ஒன்று உண்டு. 1819 ஆம் ஆண்டு சென்னைச் செய்தித்தாள் ஒன்றில், 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு மடல் வெளிவந்தது. அம்மைப்பால் குத்தும் முறை தன்வந்திரியின் பெயரால் வழங்கும் வடமொழி நூலிலேயே உள்ளது என்றது அம்மடல். வரிகளையும் எடுத்துக் காட்டியது. அது புனைவு என்பது பின்னாளைய ஆராய்ச்சியின் முடிவு. உண்மையைச் சொன்னால் நம்பாத மக்கள், ஏட்டில் இருப்பதாகச் சொன்னால் நம்புவர் என்று யாரோ கணக்கிட்டிருக்கிறார்! பொய்யின் தோளில் ஏறி மெய் எவ்வளவு தொலைவு போகும்? அம்மைப்பால் வந்து நூற்றாண்டு கடந்த பின்னும், அம்மை கண்ட வீட்டுக்குள் மருத்துவரோ அம்மை குத்துபவரோ நுழைந்தால் தெய்வக் குற்றம் என்று கதவை அடைத்தவர் பலர்.

அடைத்த கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது? தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் ஏ. ஆர். ராவும் அவர்தம் குழுவினரும், பெரியம்மை புகுந்த சென்னைக் குடும்பங்களை ஆராய்ந்து 1968 இல் முடிவை வெளியிட்டனர். நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில் அம்மை குத்திக்கொள்ளாதவர் 103 பேர். அவர்களுள் 38 பேரை நோய் பிடித்தது. குத்திக்கொண்டவர் 1,146 பேர். அவர்களுள் நோயுற்றவர் 14 பேரே.

வேப்பிலை அண்டை வீட்டாரைத் தடுத்தது. ஒரே பாயில் படுத்த தம்பியை அது காக்கவில்லை, காத்தது ஊசி. அந்த ஊசிக்குரிய அம்மைப்பாலைச் செய்யவே 1899 இல் கிண்டியில் ஒரு நிலையம் எழுந்தது. பின்னர் கிங் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1975 ஆம் ஆண்டோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980 இல் உலகமே அதனின்று விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

பெரியம்மை போயிற்று; பொய்க் காரணம் போயிற்றா? சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் இன்றும் 'அம்மன்' வருகிறாள். காரணம் தெய்வமானால் நேர்ச்சையும் வரும். தண்ணீர் வார்க்குமுன்னே பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்துக்குத் தூக்கிச் செல்வதும் நடக்கும். தட்டம்மையோ, புள்ளி தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை பரவும். நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அதன் நச்சு அறைக் காற்றில் நிற்கும். இதனைத் தீட்டுக் கணக்கு அறியுமா? 2017 இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தபோதும், கைப்பேசி வழியே பரவிய வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் அஞ்சினர். அன்று தெய்வக் குற்றம், இன்று வதந்தி. அடைபட்ட கதவு ஒன்றே!

திறக்க வேண்டிய கதவு அடைபடுவதையும் காண்போம். அடையாற்றில் 1954 ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு எழுப்பிய நிலையம் அது. அங்கே குழந்தைகளும் சிகிச்சை பெறுகின்றனர். முடி உதிர்ந்த தலையும் முகமூடியும் கொண்ட குழந்தையோடு ஒரு தாய் பேருந்தில் ஏறினால், தம் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு விலகி அமர்பவர் உளர். புற்றுநோய் தொற்றாது. அந்தக் குழந்தையால் எவருக்கும் தீங்கில்லை. நம்மால்தான் அதற்குத் தீங்கு! குருதிப் புற்றுக்குத் தரும் மருந்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. நம் பிள்ளைக்குச் சில நாள் அரிப்போடு போகும் சின்னம்மை, அந்தப் பிள்ளையின் நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும்.

இப்போது சொல்லுங்கள்: யார் வீட்டில் இருக்க வேண்டியவர்? யாருக்கு வழி விட வேண்டும்? கண்ணேறும் தீட்டும் காற்றுக் கருப்பும் இதற்கு விடை சொல்லா. நோயின் இயல்பை அறிந்தவரே சொல்ல முடியும். தொற்றும் நோய் கண்ட பிள்ளையை, மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கன்றி, வெளியே கொண்டு செல்லாதிருப்பது பிறர் பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை. தொற்றாத நோய் கண்ட பிள்ளையைப் பூங்காவுக்கும் பள்ளிக்கும் தயக்கமின்றி வரவேற்பது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் மரியாதை.

ஏட்டில் எழுதினால் போதாது. நடப்பதற்கு வழியும் வேண்டும். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவனுக்குப் பரிசளிக்கும் பள்ளிகள், காய்ச்சலோடு வந்தவனையும் கைதட்டி வரவேற்கின்றன. அந்தப் பரிசை நிறுத்தலாம். "பிள்ளைக்கு அம்மை, திருமணத்துக்கு வர இயலாது" என்று உறவினர் சொன்னால், சீர் தவறியதாகச் சினவாமல் நன்றி சொல்லலாம். அன்றாடக் கூலி வாங்கும் தாய் வேலைக்குப் போகாவிட்டால் உலை கொதிக்காது, பிள்ளை நோயுற்ற நாளுக்கும் அவளுக்குக் கூலி கிடைக்க வழி செய்யாமல், "பிள்ளையை ஏன் வெளியே கொண்டுவந்தாய்?" என்று அவளைக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு ஏது?

கிண்டியில் ஊசிமருந்து பிறந்தது. அடையாற்றில் குழந்தைகள் உயிருக்குப் போராடுகின்றனர். இரண்டுக்கும் இடையே சில கல் தொலைவுதான். அந்த வழியில் ஓடும் பேருந்தில் நாளை உங்கள் பிள்ளையும் ஏறும். முகமூடி அணிந்த அந்தக் குழந்தையும் ஏறும். ஏறுமுன் சிந்தியுங்கள். வேப்பிலை வாயிலில் தொங்கினால் தொங்கட்டும். வீட்டுக்குள் அறிவு இருக்க வேண்டும்!