கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்த லூசி வில்ஸ்

1928-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தபோது லூசி வில்ஸுக்கு வயது 40. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். பெண் என்பதால் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கவில்லை. பிறகு லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920-இல் மருத்துவரானார். நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வுக்கூடத்தில் நோயின் காரணத்தைத் தேடுவதில்தான் அவருக்கு நாட்டம். அந்த நாட்டம்தான் அவரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது.

அந்த நாளில் நம் நாட்டில் கர்ப்பிணிகள் ரத்தசோகையால் இறப்பது வெகு சாதாரணமாக இருந்தது. இந்தியாவில் நீண்டகாலம் பணியாற்றிய மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் பிரசவகால மரணங்களை ஆராயும் வேலையில் இறங்கி, வில்ஸை உதவிக்கு அழைத்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வு தொடங்கியது. லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை பணம் கொடுத்தது.

இந்தச் சோகை விசித்திரமானது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். பம்பாய்க் கர்ப்பிணிகளின் ரத்தத்திலோ அவை எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்திருந்தன. நாக்கு புண்ணாகும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். பிரசவ வலியைத் தாங்கும் தெம்பு அந்த உடம்பில் இருக்காது. தாயும் போவாள், பல நேரங்களில் பிள்ளையும் போகும்.

கிருமியாக இருக்குமோ, வெப்ப மண்டலத்துக்கே உரிய ஏதோ நஞ்சோ என்று பல ஊகங்கள் இருந்தன. வில்ஸ் கேட்ட கேள்வி வேறு. யாருக்கு வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஆனால் வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்தச் சோகை அரிதாக இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில், குறிப்பாக ஏழை முஸ்லிம் பெண்களிடம், மிகுதியாக இருந்தது. அவர்கள் உண்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். காய், கீரை, பழம், புரதம் எல்லாமே குறைவு. கர்ப்பிணிக்கு வேண்டிய ஏதோ ஒன்று அந்தத் தட்டில் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. மருத்துவ வரலாற்றில் இந்தக் கணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழைப் பெண்ணின் பழக்கவழக்கத்தைக் குறை சொல்லி முடித்துவிடாமல், அவள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்க ஒருவர் உட்கார்ந்தாரே!

1929-இல் சில மாதங்கள் ஆய்வு குன்னூருக்கு நகர்ந்தது. அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கி, வைட்டமின் குறைவு உடலின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படிக் கெடுக்கிறது என்று எலிகளிலும் புறாக்களிலும் காட்டிய மனிதர் அவர். அவருடைய குன்னூர் ஆய்வுக்கூடம்தான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

வில்ஸ் முதலில் வெள்ளெலிகளுக்கு அந்தப் பெண்கள் சாப்பிட்டது போன்ற உணவையே கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. ஆனால் எலிகளின் பேன் வழியே பரவும் ஒரு தொற்றும் சோகையை உண்டாக்கி, கணக்கைக் குழப்பியது. பிறகு குரங்குகளுக்கு மாறினார். அவற்றுக்கும் அதே வறிய உணவு, அதே சோகை. ஒவ்வொரு சத்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, சோகையில் விழுந்த குரங்கு ஒன்று மார்மைட் கொடுத்ததும் மளமளவெனத் தேறியது.

மார்மைட் என்பது கறுப்பாக, கெட்டியாக, உப்புக் கரிக்கும் ஈஸ்ட் சாறு. பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து 1902 முதல் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். பி வைட்டமின்கள் நிறைந்தது, விலையும் மலிவு. வில்ஸ் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே ரத்தத்தில் புதிய அணுக்கள் தலைகாட்டின, பசி எடுத்தது, முகத்தில் நிறம் வந்தது. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

அதே 1931-இன் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் நம் சென்னை. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் போக முடியாத கோஷாப் பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லீப் முயன்று தொடங்கிய மருத்துவமனை அது. ஷார்லீப்பும் வில்ஸைப் போல லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான். அதற்கு முன்பே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற முதல் பெண்களில் ஒருவர். கர்ப்பகாலச் சோகையை நேரடியாகப் பார்க்க வில்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வார்டு கிடைத்திருக்காது.

அந்த நாளில் சோகைக்கு இன்னொரு சிகிச்சை உலகப் புகழ் பெற்றிருந்தது. ஈரல். பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் 1926-இல், ‘கொல்லும் சோகை’ என்னும் வேறொரு வகைச் சோகையால் துடித்தவர்களுக்குத் தினமும் ஏராளமான ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். வில்ஸின் நோயாளிகளுக்கும் பச்சை ஈரல் சாறு வேலை செய்தது. ஆனால் அதையே நன்றாகச் சுத்திகரித்து ஊசியாகப் போட்டபோது கொல்லும் சோகை குணமாயிற்று. வில்ஸ் பார்த்த சோகை அசையவில்லை. ஆக, ஈரலில் இரண்டு வெவ்வேறு சத்துகள் இருந்தாக வேண்டும். ஒன்றை இன்று பி12 என்கிறோம். 1948-இல்தான் அது பிரித்தெடுக்கப்பட்டது. மற்றொன்றுக்கு வெகுகாலம் பெயர் கிடையாது. மருத்துவர்கள் அதை ‘வில்ஸ் காரணி’ என்றே குறிப்பிட்டார்கள்.

பெயர் தெரியாத சத்தாக இருந்தால் என்ன, அது உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது. 1934-35-இல் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் உலுக்கியபோது, அங்கே சூரிய மல் என்னும் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் மெலிந்துபோன கிராமத்து மக்களுக்கு மார்மைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இலங்கைச் சமையலறைகளில் அந்தக் கறுப்புப் புட்டிக்கு இன்றும் இடம் உண்டு.

1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்னெல், மிட்செல், வில்லியம்ஸ் மூவரும் 4 டன் பசலைக் கீரையை வடித்து ஒரு சிறு அளவு சத்தைப் பிரித்தார்கள். கீரையிலிருந்து கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் காரணி என்பது இதுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க 4 டன் கீரையை நம்பியிருக்க முடியாது. ஆலையில் செய்தாக வேண்டும். அதைச் செய்து காட்டிய குழுவின் தலைவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்குலேஷன் தேறிய எல்லாப்ரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சை அங்கியைக் கதரில் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அவர் குடும்பத்தை அந்தக் காலத்தில் ஸ்ப்ரூ என்ற நோய் வாட்டியது. குடல் சத்தை உறிஞ்ச மறுக்கும், பேதியாகும், உடம்பு இளைத்து, சோகை முற்றி ஆள் போய்விடுவார். சகோதரர் புருஷோத்தமனை அதில் பறிகொடுத்தார். சுப்பாராவையும் அந்நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

பிறகு அமெரிக்கா. பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டே படித்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டார். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று படிப்பது அதுதான். 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். 1945-இல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. டாம் ஸ்பைஸ் முதலிய மருத்துவர்கள் உடனே அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெருத்த அணுச் சோகை தீர்ந்தது. ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினார்கள். சகோதரரைக் கொன்ற நோய்க்கு மருந்து, சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது.

இந்தச் சத்து உடம்பில் செய்யும் வேலை என்ன? ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளைச் சேர்ப்பதில் ஃபோலிக் அமிலத்துக்குப் பங்குண்டு. பி12 அதற்குக் கூட்டாளி. எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் அளவில் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சத்து குறைந்தால் அணு வளரும், பிரிய முடியாமல் நிற்கும். அதுதான் வில்ஸ் நுண்ணோக்கியில் கண்ட பெருத்த அணு. கருவும் அணு பிரிந்து வளர்வதுதானே? அதனால்தான் கர்ப்பிணிக்கு இச்சத்தின் தேவை கூடுகிறது.

புற்றணுவுக்கும் இதே பசி உண்டு. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் நோயைத் தூண்டுவதுபோல் இருப்பதைக் கண்டு, அதைத் தடுக்கும் பொருளைக் கேட்டார். சுப்பாராவின் குழு அமினோப்டெரினைக் கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்தார். அதுவரை அந்நோய் எந்த மருந்துக்கும் அசைந்த வரலாறு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறை சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து எழுதித் தருவதன் காரணம் இப்போது விளங்கும்.

வில்ஸ் 1964-இல் மறைந்தார். மறு ஆண்டே, லிவர்பூலில் ஹிபர்டும் ஸ்மித்தெல்ஸும் இந்தச் சத்துக் குறைவுக்கும் குழந்தைகளின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். அது மெய்ப்பட 1991 ஆகிவிட்டது. 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

நம் ஊரில் ஃபோலிக் அமிலத்தின் அருமையை அறிந்தவர்கள் குறைவு என்பதுதான் என் வருத்தம். 1970 முதல் அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுத்து வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவந்து, குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடுகிற வீடுகள் எத்தனை! மலம் கறுப்பது இரும்பினால். அதில் பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் நர்ஸிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் உணர்ந்து, டாக்டரிடம் போவதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும். எனவே, பிள்ளை வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்க வேண்டும். முன்பு இக்குறைபாட்டோடு குழந்தை பிறந்திருந்தால் 4 மில்லிகிராம் வரை தேவைப்படும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கீரை, பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, ஆரஞ்சு எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. ஆனால் கீரையை வேகவிட்டுத் தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

பி12 கணக்கு வேறு. அது செடிகொடிகளில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை சரியானதுபோல் தோன்றும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்தல், தள்ளாட்டம், மறதி இருந்தால், சைவ உணவுக்காரர்களும் முதியவர்களும் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் இருந்தால், பிள்ளைக்கு முயல்வதற்கு முன்பே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஃபோலிக் அமில மாத்திரையின் விலை மிகக் குறைவு. அதை இந்த மாதமே தொடங்கட்டும்.