எரிந்த பெஞ்சு, பிரிந்த சபை: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் சொல்லப்படாத வரலாறு

நெய்யாற்றின்கரை என்றதும் கேரள வரலாற்று நூல்கள் வழக்கமாக மூன்று செய்திகளை முன்வைக்கும். 1888ஆம் ஆண்டின் சிவராத்திரியன்று ஸ்ரீநாராயணகுரு நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புறத்தில் சிவனாக நிறுவியது. பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ணபிள்ளை அவ்வூரில் பிறந்தது. 1938 ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பாட்சிக் கோரிக்கையாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் முதலியோர் மாண்டது. மூன்றும் உண்மையே. ஆனால் இம்மூன்றையும் சுற்றியிருந்த வயல்களிலும் பனைவிளைகளிலும் வாழ்ந்த புலையர், பறையர், நாடார் மக்கள் வழியையும் உடையையும் பள்ளியையும் ஒவ்வொன்றாக மீட்ட வரலாறு அந்நூல்களில் ஓரிரு பத்திகளோடு முடிந்துவிடுகிறது. தமிழ் நூல்களோ களியக்காவிளையோடு நின்றுவிடுகின்றன. எல்லைக்கு அப்பால் இருப்பது வேறு மாநிலத்தின் வரலாறு என்ற எண்ணம் தமிழ் ஆய்வுலகில் 1956க்குப் பின் வேரூன்றிவிட்டது.

1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 12,80,000. அவர்களுள் 1,64,864 பேர் அடிமைகள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பாட்டத்திற்கு விடவும் தக்க பொருளாகவே அவர்கள் எண்ணப்பட்டனர். நாடார்கள் இந்த அடிமைக் கணக்கில் வரமாட்டார்கள். எனினும் பனையேறும் அம்மக்கள் மீது ஊழிய வேலையும் வரிகளும் சுமத்தப்பட்டிருந்தன. அவர்களின் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரே ஊரில் இருவகைத் தாழ்வு நிலவியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் வழக்கம் பிற்கால மேடைப்பேச்சுக்கு வசதியாக இருக்கலாம். வரலாற்றுக்கு அது பொருந்தாது.

மயிலாடியில் 1806இல் தொடங்கிய லண்டன் மிஷன் பணி, மேற்கு நோக்கி நகர்ந்து நெய்யூரைக் கடந்து பாறசாலையை அடைந்தது. 1845 முதல் ஜான் ஆப்ஸ் அங்கே தங்கிப் பணியாற்றினார். பாறசாலை ஒரு மொழி எல்லை. தெற்கே தமிழ் மேலோங்கும். வடக்கே மலையாளம் மேலோங்கும். இடைப்பட்ட ஊர்களில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். சபைகளும் பள்ளிகளும் இரு மொழியையும் ஆளவேண்டியிருந்தது. சபையில் சேர்ந்தோரில் பெரும்பான்மையினர் நாடார். அடிமைச் சாதியினர் வரத் தொடங்கியபோது, அவர்களோடு ஒரே கூரையின்கீழ் அமர நாடார் சபையாரில் பலர் தயங்கினர். தங்கள் பெண்களின் தோள்சீலைக்காகத் தடியடி பட்ட சமூகமே இன்னொரு சமூகத்தைத் தள்ளி அமரச் சொன்னது என்பதைச் சாதி வரலாறு எழுதுவோர் இன்றும் விரைந்து கடந்து போகின்றனர். கடந்து போகக் கூடாத இடம் அது.

1847இல் மிஷனரிகள் அடிமைகளின் விடுதலை கோரி மகாராஜாவிடம் விண்ணப்பம் அளித்தனர். சென்னை அரசின் அழுத்தமும் சேர்ந்து, முதலில் 1853இல் அரசுக்குச் சொந்தமான அடிமைகளின் பிள்ளைகளும், பின்னர் 1855 ஜூன் 24ஆம் நாளின் அறிவிப்பால் அனைவரும் சட்டப்படி விடுவிக்கப்பட்டனர். அமெரிக்கா இதைச் செய்ய இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. ஆயினும் நிலம் யாருக்கும் வழங்கப்படவில்லை. அடிமை என்ற பெயர் ஏட்டிலிருந்து நீங்கியதே தவிர, அதே களத்தில் அதே நெல்லுக்கு அதே மனிதர் உழைத்தனர்.

தோள்சீலைக் கலகத்தின் கதை தமிழ் வாசகர் நன்கறிந்தது. 1814இல் கர்னல் மன்றோ காலத்து ஆணை கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது. 1829இல் ராணி கௌரி பார்வதிபாயின் அறிவிப்பு குப்பாயத்தை ஏற்று மேல்சீலையை மறுத்தது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் வன்முறை வெடித்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான அறிவிப்பின் சொற்களில்தான் கவனம் தேவை. அது உரிமையை முழுதாக வழங்கவில்லை. கிறித்தவ நாடார் பெண்களைப் போல் குப்பாயம் அணியலாம், அல்லது மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்று அது வரையறுத்தது. உடலை மறைக்கலாம், உயர்ந்தவராகத் தோன்றக் கூடாது என்பதே அரசின் சமரசம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெலியனின் கடுமையும் திவான் மாதவராவின் தயக்கமும் சந்தித்த புள்ளி அது.

அந்த அறிவிப்பு வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1863 ஆகஸ்ட் 28 அன்று, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் ஒரு புலையர் குடும்பத்தில் அய்யன்காளி பிறந்தார். அவர் எழுத்தறியாதவர். 1893இல் வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, மணிகட்டிய மாடுகள் பூட்டிய வில்லுவண்டியில் பொதுவழியே சென்றார். இன்றைய கண்ணுக்கு இது ஓர் ஊர்வலக் காட்சியாகத் தோன்றலாம். அன்று அவ்வழியில் நடப்பதே குற்றம். வண்டியில் அமர்வது அதனினும் பெரிது. வெள்ளுடையோ அனைத்தினும் பெரிது. மூன்று விலக்குகளையும் ஒரே பயணத்தில் மீறியதால்தான் அது நினைவில் நின்றது. பின்னர் 1898இல் ஆறாலுமூட்டுச் சந்தைக்கு நடந்து சென்ற அவருடைய இளைஞர்கள் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தடுக்கப்பட்டு, பெரும் மோதல் மூண்டது. பாலராமவர்மா காலத்தில் தமிழ்நிலத்திலிருந்து குடியேற்றப்பட்ட நெசவாளர் தெரு அது. வழிமறித்த தெருவும் வழி கேட்டுச் சென்றவரும் ஏறத்தாழ ஒரே நிலவட்டத்துப் பேச்சைப் பேசினர் என்பது மொழி ஒற்றுமையை மட்டும் வைத்து இவ்வூர்களைப் படிப்பவர் நினைவில் கொள்ளவேண்டியது.

வழிக்கு அடுத்தது பள்ளி. வெங்ஙானூரில் அய்யன்காளி தம் மக்களுக்கென 1904இல் எழுப்பிய குடிசைப் பள்ளி அன்றிரவே எரிக்கப்பட்டது. மீண்டும் கட்டினர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் உருவாயிற்று. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசு ஆணையிட்டது. ஆணையைப் பள்ளி நிர்வாகிகள் மதிக்கவில்லை. திவான் ராஜகோபாலாச்சாரி காலத்தில் 1910இல் ஆணை மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

சுதேசாபிமானி நுழையும் இடம் இது. திவானின் ஊழலை அஞ்சாமல் எழுதி 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்ட அதே ராமகிருஷ்ணபிள்ளை, அதே ஆண்டின் தொடக்கத்தில், புலையர் பிள்ளைகளைப் பிற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்துவதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு அதை ஒப்பிட்டார். தலைமுறைகளாக அறிவைப் பண்படுத்தியவரும் நிலத்தைப் பண்படுத்தியவரும் ஒன்றாகப் படிக்க இயலாது என்பது அவர் வாதம். பத்திரிகைச் சுதந்திரத்தின் சின்னமாக அவருக்குச் சிலைகள் எழுந்துள்ளன, எழவேண்டியவையே. ஆனால் நெய்யாற்றின்கரையின் மகனாக அவரைப் போற்றும் உரைகளில் அத்தலையங்கம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவரைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவேண்டியதில்லை. அரசை எதிர்க்கும் துணிவும் அண்டை வீட்டாரைச் சமமாகக் காணும் துணிவும் தனித்தனியானவை என்பதற்கு அவர் வாழ்க்கையை விடத் தெளிவான சான்று அவ்வட்டாரத்தில் இல்லை.

அய்யன்காளியின் விடை வயலிலிருந்து வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையெனில் உங்கள் வயலில் நடவும் இல்லை அறுவடையும் இல்லை என்பதே அதன் பொருள். கூலி உயர்வுக்காக அன்றிப் பள்ளிக்கூடத்துக்காக உழவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்திய வரலாற்றில் அரிது. ஏறக்குறைய ஓராண்டு அது நீண்டது. நிலவுடைமையாளர் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர், நாற்று நிற்கவில்லை. வேலையிழந்த குடும்பங்களுக்கு விழிஞ்ஞம் கடற்கரை மீனவர் தம் படகுகளில் இடம் தந்தனர் என்பது அப்பகுதியின் வாய்மொழி மரபு. இறுதியில் கண்டல நாகம்பிள்ளை என்ற நடுவரின் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலியும் உயர்ந்தது, பள்ளி நுழைவும் நடைவழியும் கொள்கையளவில் ஏற்கப்பட்டன.

கொள்கை வேறு, கதவு வேறு. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பூசாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்று அமர்த்தினார். பஞ்சமி சிறுமி, அரசாணை அவள் பக்கம் இருந்தது, தலைமையாசிரியர் இல்லை. கலவரம் எழுந்து பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. தீட்டுப்பட்ட பள்ளி இனி எவருக்கும் வேண்டாம் என்பதே அந்தத் தீயின் வாதம். 1866இல் மெம்பிஸ் நகரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பள்ளிகளும் தேவாலயங்களும் வெள்ளையரால் எரிக்கப்பட்டதை இதனோடு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு. மெம்பிஸில் எரிந்தவை கறுப்பினத்தவரின் சொந்தப் பள்ளிகள். ஊரூட்டம்பலத்தில் எரிந்தது எரித்தவர்களின் பிள்ளைகளும் படித்த பள்ளி. ஒரு பிள்ளையோடு பகிர்வதைவிடத் தம் பிள்ளைகளும் இழப்பது மேல் என்று கருதும் வெறுப்பு அது. எரிந்து எஞ்சிய ஒரு பெஞ்சு அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டுள்ளது. இன்று பள்ளியின் பெயரிலேயே அய்யன்காளியும் பஞ்சமியும் உள்ளனர்.

அய்யன்காளி 1911 முதல் ஸ்ரீமூலம் பிரஜாசபையின் உறுப்பினர். அங்கே அவர் கேட்டவற்றில் வீரவசனம் இல்லை. புறம்போக்கு நிலம், பள்ளிக் கட்டணச் சலுகை, பிள்ளைகளுக்கு மதிய உணவு, வழக்குகளில் உதவி இவையே. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்து அவரைச் சந்தித்தார். 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

அதன்பின் பத்தாண்டுகளில் கேள்வி மாறியது: யார் எந்த வழியில் நடப்பது என்பது போய், எந்த ஊர் எந்த மாநிலத்தில் இருப்பது என்பது வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் இயக்கத்தில் நாடார் மக்களின் பங்கு மிகுதி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். மாநிலச் சீரமைப்புக் குழு தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை மீதான கோரிக்கையை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் பாறசாலை கேரளத்தின் தென்கோடி ஊர்களுள் ஒன்றாயிற்று. வட்டங்களின் கணக்கில் இது நியாயமாகத் தோன்றலாம். ஒரே குடும்பத்தின் அண்ணன் களியக்காவிளைக்குத் தெற்கே தமிழ்வழிப் பள்ளிக்கும் தம்பி வடக்கே மலையாளவழிப் பள்ளிக்கும் உரியவரானது வட்டக் கணக்கில் வராது. தென் திருவிதாங்கூர்த் திருமண்டலமும் 1959இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரிந்தது. மாநிலம் பிரிந்த மூன்றாம் ஆண்டில் சபையும் பிரிந்தது.

பிரியாமல் நின்றது ஒரு பெயர். லண்டன் மிஷன் சபைகளும் வேறு சில சபைகளும் இணைந்து 1908இல் உருவானது தென்னிந்திய ஐக்கிய சபை. 1947 செப்டம்பரில் அது தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்து மறைந்தது. ஆனால் கேரள அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘எஸ்.ஐ.யூ.சி. நாடார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்து நாடாருக்கும் எஸ்.ஐ.யூ.சி. நாடாருக்கும் ஒதுக்கீடு இருந்தது; ஒரே விளையில், ஒரே கொல்லைப்புறத்தில் வாழ்ந்தாலும் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்ற நாடாருக்கு அது இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் எல்லாக் கிறித்தவ நாடாருக்கும் அதை விரிவாக்கி அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.  கொட்டகைப் பள்ளியில் யார் யாரோடு அமர மறுத்தார், யார் எந்தச் சபைக்குச் சென்றார், ஏன் சென்றார் என்ற நூற்றைம்பது ஆண்டுக் கதையைப் பாறசாலையின் பழைய சபைப் பதிவேடுகளிலிருந்து எழுதும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அப்பதிவேடுகளைப் படிக்கத் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும்.